மேலே நிற்கும் பிரைமர்

பதினாறு சரி. பதினேழு சரி. பதினெட்டாவது கோதின் அடியில் ஆட்காட்டி விரலை வைத்து மெதுவாக இழுக்கிறேன், ஏதோ தட்டுகிறது. தட்டுகிறது என்று சொல்வதே கூடுதல். கூட்டித் துடைத்த தரையில் ஒரு சீனிக்கட்டி கிடந்து உள்ளங்காலுக்குத் தெரிவதுபோல, அவ்வளவுதான். திரும்பவும் இழுக்கிறேன். இருக்கிறது. "சுகிர்தா, இது மேல நிக்குது" என்கிறேன். மேசையின் மற்றப் பக்கத்தில் இருக்கிற என் மனைவி தலையை நிமிர்த்தவில்லை, கையை மட்டும் நீட்டுகிறாள். அந்தக் கை எனக்குப் பிடிக்கும். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிற கை, இருந்தும் இந்த மேசைக்கு முன்னால் அது வேறொருத்தியின் கை மாதிரி இருக்கும், அவசரமில்லாமல், ஒன்றை எடுத்தால் ஒன்றையே எடுத்துக்கொண்டு. சனிக்கிழமை காலை பத்து மணி. கல்கரியில் ஏப்ரல் என்றால் இன்னும் பனிதான். பேஸ்மென்டின் உயரத்துச் சின்ன யன்னலில் பாதிக்கு மேல் வெள்ளையாக அடைத்துக் கிடக்கிறது. இரண்டு பேரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கிறோம். போன் மேலே குசினியில். ரேடியோ இல்லை. இந்த வேலை நடக்கும்போது வேறொன்றும் நடக்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம். நாளைக்கு மாகாணத் துப்பாக்கிச் சுடும் அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி, அறுநூறு மீற்றர் தூரத்தில் கடதாசி இலக்கு, ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருக்கிறது, ஐம்பத்தொரு வயதில் இவள் அதற்கு நிற்கிறாள்.

பத்தொன்பது சரி. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கோதின் அடியில் ஒரு குழி இருக்கும், அதற்குள் பிரைமர் என்கிற சின்ன உலோகக் கிண்ணத்தை அழுத்தி இருத்த வேண்டும். துவக்கின் ஊசி அதில் அடித்தால் பொறி வரும், பொறி மருந்தைப் பற்றவைக்கும். மருந்தும் ஈயக் குண்டும் பின்னேரம்தான். இப்போது பிரைமர் மட்டும். அவள் கைக்கருவியில் கோதைச் சொருகி நெம்புகோலை அழுத்துவாள், உள்ளே போய் இருக்கும், எனக்குத் தள்ளுவாள், நான் தடவிப் பார்ப்பேன். கோதின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரளவு கீழே இருக்க வேண்டும். மட்டத்துக்குச் சமமாக இருந்தாலே அவளுக்குப் பிடிக்காது. மேலே நின்றால் புறம்பாக்கிவிட வேண்டும். இருபது சரி. என்னை இந்த மேசைக்குக் கொண்டுவந்ததே இந்த விரல்தான். முப்பது வருடம் மா பிசைந்த விரல். பேக்கரியில் எல்லாரும் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள், நான் மாவைத் தொட்டுப் பார்த்துச் சொல்லுவேன், இன்னும் பத்து நிமிடம், இன்னும் நாலு நிமிடம் என்று. துவக்கு வீட்டுக்கு வந்து எட்டு மாதமாக நான் இந்தப் படியில் இறங்கவே இல்லை. உடுப்புத் தோய்க்கிற மெசின் இங்கேதான் இருக்கிறது, அதற்குக்கூட இறங்கவில்லை. ஒருநாள் அவள் மேலே வந்து, "உங்கட விரல் வேணும், என்ரை கண்ணுக்குத் தெரியேல்லை, வெறும் கோதுதான், மருந்தில்லை" என்று கேட்டாள். வா என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன். விரல் வேணும் என்று கேட்டது எப்படியோ என்னை விழுத்திவிட்டது.

இருபத்தொன்று. மேலே. இருபத்திரண்டு சரி. இருபத்துமூன்று மேலே. மூன்று ஆகிவிட்டது, நாளைக்குக் குறைந்தது எண்பது வேண்டும், கையிலிருப்பதே நூறு கோது, இப்படிப் போனால் காணாது. ஆனால் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. மருத்துவமனைகளுக்குப் போகிற ஊசிக் குழாய்களை அளந்து பார்க்கிற வேலை அவளுக்கு, பதினைந்து வருடமாக, ஒரு கொம்பனியில். பிழை என்பது அவளுக்குக் கோபம் வருகிற விசயம் இல்லை, விடை தெரியாத கணக்கு மாதிரி. கொப்பியை எடுக்கிறாள். இடதுபக்கம் எழுதுகிறாள்: கரி. "முதல்ல கரியைப் பாப்பம். குழிக்குள்ளை பழைய கரி கிடந்தா அதுக்கு மேலைதான் இருக்கும்." சின்னக் கம்பித் தூரிகையால் பத்துக் கோதின் குழிகளைச் சுரண்டுகிறாள், கவிழ்த்துத் தட்டுகிறாள், கறுப்புத் தூள் வெள்ளைக் கடதாசியில் விழுகிறது, பல்லுக்கு மருந்து போடுகிறவர்கள் குனிவதுபோலக் குனிந்து உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்கிறாள். பத்திலும் பிரைமர் இருத்துகிறாள். நான் தடவுகிறேன். இரண்டு மேலே. நானென்றால் இந்த இடத்தில் எல்லாவற்றையும் மாற்றியிருப்பேன். பாண் பொங்கவில்லை என்றால் நான் ஈஸ்ட்டை மாற்றுவேன், தண்ணியை மாற்றுவேன், போறணையின் சூட்டைக் கூட்டுவேன், பக்கத்தில் நிற்கிறவனைப் பேசுவேன், அடுத்த நாள் நல்லாக வரும், எதனால் நல்லாக வந்தது என்று ஒருக்காலும் தெரியாது. அவள் கரி என்று எழுதியதன்மேல் ஒரு கோடு இழுக்கிறாள். அடுத்த வரியில் எழுதுகிறாள்: கருவி. ஒருமுறைக்கு ஒன்றுதான். இரண்டை ஒன்றாய் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும் என்பாள். எனக்கு இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது. ஒரு மனுசி கோபப்படாமல் யோசிக்கிறதைப் பார்க்கிற சந்தோசத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கருவியைக் கழற்றுகிறாள். கோதைப் பிடிக்கிற வாய்க்குள் பித்தளைச் சீவல் ஒன்று ஒட்டியிருக்கிறது, அதை எடுத்துக் காட்டுகிறாள், நான் இதுதான் என்று சொல்ல வாயெடுக்கிறேன், அவள் சொல்லவில்லை. துடைக்கிறாள், பூட்டுகிறாள், இன்னும் பத்து. டிக், அழுத்தம், தள்ளல். டிக். ஒவ்வொரு பிரைமரும் உள்ளே போகும்போது வருகிற சத்தம் அது, மிகச் சின்னது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது, இத்தனை மாதமாகியும் அவளிடம் சொன்னதில்லை. அவளுடைய அண்ணன் ரொறொன்ரோவிலிருந்து வந்தபோது இந்த மேசையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார். "எங்களுக்கு ஊரிலை கண்ட துவக்குக் காணாதே பிள்ளை, இஞ்சையும் வந்து தூக்கோணுமே?" என்றார். அவள் கறியைக் கிளறிக்கொண்டே, "ஒருத்தரையும் பாத்து நீட்டாத துவக்கு எண்டு ஒண்டு இருக்கேலுமோ எண்டு பாக்க ஆசை, அண்ணை" என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கும் அன்றைக்கு விளங்கவில்லை, ஆனால் அந்த வசனத்தை வைத்துக்கொண்டேன், சட்டைப்பைக்குள் கிடக்கிற சாவி மாதிரி, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல். பத்தில் மூன்று மேலே. "கூடிப்போச்சு" என்கிறேன். "நல்லது" என்கிறாள். "என்ன நல்லது?" "கருவி இல்லை எண்டு தெரிஞ்சு போச்சே." கோடு.

இப்போது அவள் மேலே நிற்கிற எட்டையும் ஒரு துணியில் வரிசையாக அடுக்குகிறாள், பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றின் அடியையும் படிக்கிறாள். கோதின் அடியில் செய்தவர்களின் எழுத்துப் பொறித்திருக்கும். உதடு அசைகிறது. எட்டும் ஒரே எழுத்து. "அந்தப் பேணி" என்கிறாள். கிளப்பில் ஒருவர் வீடு மாறிப் போகும்போது ஒரு பால்மாப் பேணி நிறையக் கொடுத்துவிட்டுப் போன கோதுகள், நூறில் முப்பத்தெட்டு அதிலிருந்து வந்தவை. இராணுவத்துக்கென்று செய்த கோதுகளாம். உலுக்கலில் பிரைமர் கழன்று விழாமல் இருக்கக் குழியின் வாயை உள்பக்கமாக நசுக்கி வைத்திருப்பார்களாம். "ஆரோ அந்த நசுக்கலை வெட்டி எடுத்திருக்கினம், ஆனா வடிவா வெட்டேல்லை. பிரைமர் சரிஞ்சு உரசிக்கொண்டு போகுது, அடிமட்டும் போய் இருக்குதில்லை." நான் ஒரு வெறும் கோதை எடுத்துக் குழியின் வாயை விரல் நுனியால் சுற்றுகிறேன். இருக்கிறது. ஒருபக்கத்தில் மட்டும், பேணி மூடியின் வெட்டுவாய் போலச் சின்ன உதடு. இன்னொன்று. அதில் இல்லை. இன்னொன்று, இருக்கிறது. "இருத்த முதலே நான் சொல்லிப்போடுவன், எதில இருக்கு எதில இல்லை எண்டு" என்கிறேன். அவள் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள், கண்ணாடிக்குள்ளால், கண் பெரிதாகத் தெரிகிறது. "அப்ப பேணிக் கோது மிச்சம் எல்லாத்தையும் நீங்கள் பிரியுங்கோ. உதடு இருக்கிறதை நான் பின்னேரம் வெட்டுறன். போதும், நாளைக்குக் காணும்." அவ்வளவுதான் பாராட்டு. எனக்கு இருபத்தைந்து வயது குறைந்துவிட்டது. கொப்பியில் அவள் எழுதுகிறாள், குழி வாய், அடிக்கோடு இரண்டு. நான் பிரிக்கிறேன். உதடு, உதடு இல்லை. மேலே நிற்கிற எட்டும் துணியில் கிடக்கின்றன. அவற்றை இன்னொருமுறை அழுத்தி இறக்கலாமே என்று கேட்கிறேன். "சரிஞ்சு போனதை நெருக்கினா என்ன செய்யுமெண்டு தெரியாது. தெரியாததை நான் நெருக்க மாட்டன்" என்கிறாள். நாளைக்கு ஒரு இடம்தான் இருக்கிறது, எட்டைச் சும்மா தள்ளிவைக்கிறாள், ஒரு பெருமூச்சுக்கூட இல்லாமல்.

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். சும்மா கதைக்காகக் கேட்டேன், கையும் விரலும் வேலையில் இருக்க வாய் சும்மா இருப்பதால் கேட்டேன். "மயிரளவுதானே மேல நிக்குது. அப்பிடியே சுட்டா என்ன செய்யும்?" "அனேகமா வெடிக்காது" என்கிறாள், துடைத்துக்கொண்டு. "ஊசி வந்து அடிக்கும். ஆனா அந்த அடியிலை பாதி பிரைமரை உள்ளுக்குத் தள்ளுறதிலையே போயிடும். பொறிக்குக் காணாது. டிக் எண்டு ஒரு சத்தம். அவ்வளவுதான்." டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். என் விரல் கோதில் நிற்கிறது. அவ்வளவுதான் என்று அவள் சொன்ன மாதிரியே அன்றைக்கும் அது அவ்வளவாகத்தான் இருந்தது. ஊரில், அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, ஊரடங்கு எடுத்து ஒரு மணித்தியாலம் இருக்கும், சைக்கிள் கரியரில் பாண்பெட்டி, எதிர்க்காற்று. மதகடியில் நில் என்று கத்தியிருப்பார்கள். எனக்குக் கேட்கவில்லை, காற்றும் பெட்டி மூடி அடிக்கிற சத்தமும். எனக்கு முதலில் கேட்டது டிக். அதற்குப் பிறகுதான் ஆளைக் கண்டேன், பத்தடி தூரம், ஆமிச் சீருடை, துவக்கு என் நெஞ்சுக்கு நேரே. பிரேக் பிடித்து விழுந்தேன், பாண் எல்லாம் தெருவில். முப்பத்தைந்து வருடம். இப்போதுதான் அந்தச் சத்தத்துக்கு ஒரு காரணம் கிடைக்கிறது, எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ ஒருவர் மயிரளவு கவனம் இல்லாமல் இருந்ததால் நான் இந்த மேசையில் இருக்கிறேன், சுகிர்தா இருக்கிறாள், பனி இருக்கிறது. மேலே நின்ற ஒரு பிரைமர். நான் இவ்வளவு நேரமும் பொறுக்கிப் பொறுக்கிப் புறம்பாக வைக்கிற அதே பிழை. துணியில் கிடக்கிற எட்டைப் பார்க்கிறேன், அவற்றைக் கும்பிட வேண்டும் போலவும் அள்ளி எறிய வேண்டும் போலவும் இருக்கிறது. எப்படி நான் இதை இவளுக்குச் சொல்லாமல் இருந்தேன். எல்லாரிடமும் ஒரு கதை இருந்தது, என்னுடையதில் ஒருவரும் சாகவில்லை, அதனால் அதைக் கதை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"என்னப்பா?" என்கிறாள். நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் கோதை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சொல்கிறேன். மதகு, காற்று, பாண்பெட்டி, டிக். சுருக்கமாகத்தான் சொல்கிறேன், நாலு வசனம் வரும். மற்றப் பெண்கள் என்றால் ஐயோ என்பார்கள், கையைப் பிடிப்பார்கள், நானும் அதைத்தான் எதிர்பார்த்து அதற்குப் பயந்து இவ்வளவு காலம் இருந்தேனோ தெரியாது. இவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறாள். கைக்கருவியைத் தள்ளி வைக்கிறாள். "எந்த மாதிரித் துவக்கு?" என்கிறாள். "எனக்கென்ன தெரியும். மரப்பிடி. கீழை வளைஞ்ச ஒண்டு நிண்டது." "மகசின், தோட்டா அடுக்கிற பெட்டி" என்கிறாள். "நீர் சொன்ன அந்தப் பிரைமர்தான், என்ன, சுகிர்தா? அதுதான் என்னைக் காப்பாத்தினது." அவள் உடனே ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும், அவளுக்கும் அது தெரியும். "தெரியாது" என்கிறாள். "பிரைமராயும் இருக்கலாம். ஈரமாயும் இருக்கலாம். ஊசி தேய்ஞ்சிருக்கலாம். குழலுக்குள்ளை தோட்டா ஒண்டுமே இல்லாமலும் இருந்திருக்கலாம்." கொப்பியில் எழுதுவதுபோலவே, ஒருமுறைக்கு ஒன்று. எனக்குக் கோபம் வரப் பார்க்கிறது, வந்துகொண்டிருக்கும்போதே அவள் கேட்கிறாள்: "பிறகு அவன் என்ன செய்தவன்?"

பிறகு. பிறகு என்று ஒன்று இருந்ததாகவே நான் வைத்திருக்கவில்லை. டிக், அதோடு முடிந்துவிடும், அதற்கடுத்த காட்சியில் நான் வீட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன். "ஒண்டும் செய்யேல்லை. நிண்டவன்." "நீங்கள்?" "எழும்பினனான். சைக்கிளைத் தூக்கினனான். செயின் கழண்டு போச்சு, அதைப் போடப் பாத்தனான். அது ஏறுதே இல்லை." "எவ்வளவு நேரம்?" "ஆருக்குத் தெரியும். ரெண்டு நிமிசம். மூண்டு." கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரியும், அந்த முகம் எனக்குத் தெரியும். பிறகு மிகவும் மெதுவாக, எதையோ உடையாமல் வைக்கிற மாதிரிச் சொல்கிறாள்: "அப்பா, வெடிக்கேல்லையெண்டா துவக்கின்ரை பூட்டைப் பின்னுக்கு இழுத்து விடுறது. கெட்ட தோட்டா வெளியாலை விழும், அடுத்தது ஏறும். ஒரு செக்கன். அவையளுக்கு முதல் நாள் பழக்கிறதே அதுதான்." யன்னலுக்கு வெளியே எங்கோ பனி வழிக்கிற வண்டி போகிறது. "மூண்டு நிமிசம் நீங்கள் அவனுக்கு முன்னாலை குந்தியிருந்து செயின் போட்டிருக்கிறியள். பிரைமர் எண்டா அது முதல் தரம்தான். மிச்ச நேரம் முழுக்கச் சுடாமல் விட்டது அவன்தான்."

அவன்தான். ஆள் ஒருவன். முப்பத்தைந்து வருடமாக ஒரு சத்தத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், ஒரு ஊசி, ஒரு ஈரம், ஒரு தற்செயல், கடவுள்கூட இல்லை, அதற்குப் பின்னால் முகம் இருந்திருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன், வைத்துக்கொள்ளவில்லை. நினைக்கப் பார்க்கிறேன். முகம் வரவில்லை. சப்பாத்து வருகிறது, மண் அப்பிய சப்பாத்து, ஏனென்றால் நான் குந்தியிருந்தேன். என்னுடைய கறுப்பான கை வருகிறது, செயின் மசகு. துவக்கு இப்போது நெஞ்சுக்கு நேரே இல்லை, எப்போது இறங்கியது என்று தெரியவில்லை, குழல் நிலத்தைப் பார்க்கிறது. பிறகு அவன் ஏதோ சொன்னான், எனக்குத் தெரியாத மொழி, ஒரு சொல், திரும்பவும் அதே சொல், கொஞ்சம் சத்தமாக. அதோடு கையைக் காட்டினான். அதை மறக்கவில்லை, மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். "கையை இப்பிடிச் செய்தவன்" என்கிறேன் சுகிர்தாவிடம். என் வலதுகையை மேசைக்கு மேலே தூக்கி, முட்டி பிடித்து, பின்பக்கமாகச் சுற்றிக் காட்டுகிறேன், ஒரு தரம், இரண்டு தரம். "திரும்பி ஓடு, இல்லையெண்டா உன்னை முடிச்சுப்போடுவன் எண்டு. அப்பிடித்தான் நான் நினைச்சனான். நான் இன்னும் பயந்து போனன்."

அவள் என் கையைப் பார்க்கிறாள். "இன்னொருக்காச் செய்யுங்கோ" என்கிறாள். செய்கிறேன். அவள் தன் கையையும் தூக்கி அதே மாதிரிச் சுற்றிப் பார்க்கிறாள், வலமாக, பிறகு இடமாக, நிறுத்துகிறாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் அந்தக் கொப்பிக் குரல்தான்.

"பெடலைப் பின்னுக்குச் சுத்தச் சொல்லியிருக்கிறான், அப்பா. செயின் ஏற."

நான் கையை இறக்கவில்லை. செயின் ஏறியது. அது எப்படி ஏறியது என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் யோசித்ததில்லை. நான் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினேன், அது பிடித்துக்கொண்டது, நான் போனேன்.